நாய்க்குக் கிரியேட்டினின் 3.4, ரீனல் தீனியைத் தொட மாட்டேன் என்கிறான்: வீட்டில் என்ன சமைத்துப் போடலாம்?

மண்டிக்கணக்கு (ஒட்டன்சத்திரம்)

வணக்கம். எங்கள் வீட்டு நாய் ராசுவுக்கு வருகிற ஆடியில் பத்து வயது முடிகிறது. சிப்பிப்பாறை, ஆண். நல்ல நாளில் 23 கிலோ இருந்தான். போன வாரம் எடை போட்டபோது 19.

மாசி மாதத்திலிருந்தே தண்ணீர் அதிகமாகக் குடித்தான். வெயில் ஏறுகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம். அப்புறம் ராத்திரியில் கூடத்திலேயே சிறுநீர் போக ஆரம்பித்தான். பத்து வருடத்தில் ஒருநாள்கூட வீட்டுக்குள் போனவன் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி, குனிந்து துடைக்க முடியாது. அதனால் இரவு எட்டு மணிக்குமேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து மேலே வைத்துவிட்டேன். ஒரு பத்து நாள் அப்படிச் செய்திருப்பேன். ஒருநாள் இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், குளியலறைக் குழாய்க்குக் கீழே ஈரமாக இருந்த சிமெண்டுத் தரையை நக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே மஞ்சள் நுரையாக வாந்தி. வாயைத் திறந்தால் சிறுநீர் வாடை. திண்டுக்கல்லில் காட்டினோம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.4, யூரியா 152, பாஸ்பரஸ் 7.1, ஹீமோகுளோபின் 9.2. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரக நோய் மூன்றாம் நிலை, இனி அந்த நோய்க்கென்றே விற்கிற ரீனல் தீனி மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதை இரண்டு நாள் தின்றான். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இப்போது தட்டை எடுத்து வந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போகிறான்.

அம்மா பொறுக்க முடியாமல் கோழி ஈரலும் தயிர்சாதமும் ஊட்டிவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறுபீளைக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறியை முழுதாக நிறுத்திவிட வேண்டுமா? வீட்டில் என்ன சமைக்கலாம்? மண்டியில் வேலை என்பதால் காய்கறிக்குக் குறைவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை திண்டுக்கல் போய் டிரிப்ஸ் ஏற்றி வருவது என் வேலைக்குச் சரிப்படாது. வீட்டிலேயே ஏற்ற முடியும் என்கிறார்களே, அது உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செவலையம்மா (மதுரை)

தம்பி, முதலில் அந்தத் தண்ணீர்ச் சட்டி. உடனே கீழே இறக்கிவையுங்கள். ஒன்று போதாது, அவன் படுக்கிற இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று.

நிறையக் குடிப்பதால்தான் அவன் நிறையப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது தலைகீழ். பழுதான சிறுநீரகத்தால் தண்ணீரை மிச்சம் பிடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது. உள்ளே போவதெல்லாம் ஓடிவிடுகிறது. ஓடியதை ஈடுகட்டத்தான் குடிக்கிறான். சட்டியை எடுத்தால் சிறுநீர் நிற்காது, உடம்புதான் வற்றும். தெரியாமல் செய்தீர்கள், இனி அதை நினைத்துக் குமைய வேண்டாம். இரவு பதினொன்றுக்கு ஒருதரம், விடிகாலை நாலுக்கு ஒருதரம் வெளியே கூட்டிப் போங்கள். மண்டிக்காரருக்கு நாலு மணி என்பது விழிக்கிற நேரம்தானே. கூடத்தில் அவன் படுக்கிற இடத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே பழைய கோணிச் சாக்கு போட்டுவிட்டால் அம்மா குனிய வேண்டியதில்லை, சாக்கை மட்டும் காலால் தள்ளிவிடலாம்.

என் செவலைக்குப் பதினொரு வயதில் கண்டுபிடித்தார்கள். சாதாரண நாட்டு நாய், 14 கிலோ, கிரியேட்டினின் 3.9. அதற்கப்புறம் ஒரு வருடமும் எட்டு மாதமும் என்னோடு இருந்தாள். கடைசிப் பத்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள், பால்காரரைக் குரைத்தாள், என் முந்தானையில் முகம் துடைத்தாள். எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிற காலத்தையும் இழந்துவிடாதீர்கள்.

இப்போது சாப்பாடு. தீனியின் ருசி பிடிக்காமல் ராசு ஒதுக்கவில்லை, அவனுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் கழிவு ஏறினால் குமட்டல் வரும். குமட்டலோடு இருக்கும்போது புதிதாக எதைப் போட்டாலும், அதைத் தின்றதால்தான் குமட்டுகிறது என்று நாய் முடிவு கட்டிவிடும். அப்புறம் அந்த வாடையே ஆகாது. செவலைக்கும் இதே கதைதான், ஒரு மூட்டை ரீனல் தீனி வாங்கி வீணானது. டாக்டரிடம் குமட்டலுக்கு மாத்திரை கேளுங்கள். ஒண்டான்செட்ரான், மரோபிடன்ட் என்று இருக்கிறது, எது, எவ்வளவு என்பதை அவர் எடை பார்த்துச் சொல்வார். மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து, முன்பு பிடித்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொடுங்கள். அவன் பசியோடு தட்டைத் தேட ஆரம்பித்த பிறகு, ரீனல் தீனியை வேறு தட்டில், வேறு இடத்தில், வெந்நீர் தெளித்து ஊறவைத்து, ஒரு கைப்பிடி மட்டும் சோற்றோடு கலந்து பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா மூன்றிலும் ரீனல் வகை உண்டு. ஒன்று பிடிக்காதவனுக்கு இன்னொன்று பிடிக்கலாம்.

கறியை முழுதாக நிறுத்த வேண்டாம். குறையுங்கள். புரதத்தை ஒரேயடியாக வெட்டினால் சதை கரைந்து நாய் எலும்பாகும். நீங்கள் முதலில் துரத்த வேண்டியது பாஸ்பரஸை. ஈரல், எலும்பு, எலும்பு சூப்பு, கருவாடு, பால், தயிர் எல்லாவற்றிலும் அது கூடுதல். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் ஆசையாக ஊட்டுகிற ஈரல்தான் முதலில் நிற்க வேண்டும்.

நான் செவலைக்குச் செய்தது இது. ஒரு ஆழாக்குக்குச் சற்றுக் குறைவாகப் பொன்னி அரிசி, குழைய வடித்தது. கேழ்வரகும் கம்பும் நமக்கு நல்லது, ஆனால் அவற்றில் அரிசியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பாஸ்பரஸ். இந்த நோய்க்கு வெள்ளைச் சோறுதான் சரி. எலும்பில்லாத கோழிக்கறி 60 கிராம், தோலோடு. அதைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். சத்தெல்லாம் சூப்பில்தானே இருக்கிறது என்று கை தயங்கும். பாஸ்பரஸும் அதில்தான் இறங்கியிருக்கும், கொட்டத்தான் வேண்டும். அப்புறம் இரண்டு முட்டையின் வெள்ளை மட்டும், வேகவைத்து உதிர்த்தது. ஒரு முட்டையில் மஞ்சள் கருவில் 65 மில்லிகிராம் அளவு பாஸ்பரஸ், வெள்ளையில் 5 மில்லிகிராம்தான். வெள்ளையில் புரதமும் அருமையானது. மஞ்சள் கருவை எங்கள் வீட்டில் பேரன் தின்றான். இதோடு மஞ்சள் பூசணி ஒரு கை, தேங்காய் எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி. உப்பு கிடையாது. வெங்காயம், பூண்டு வாசனைகூடக் கூடாது. மொத்தத்தையும் நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். இது 14 கிலோ நாய்க்கு. ராசுவுக்கு இதுபோல ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியமும் வைட்டமினும் மாத்திரையாகத் தனியே எழுதித் தந்தார், அது இல்லாமல் இந்தச் சாப்பாடு முழுமையாகாது.

ஒன்று சொல்ல மறந்தேன். சோறு ஆறிப்போயிருந்தால் செவலை தொட மாட்டாள். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் வாடை எழும். சில நாள் தட்டில் வைத்தால் பார்க்கக்கூட மாட்டாள், முட்டை வெள்ளையை இரண்டு விரலில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனால், நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். நான் அசையாமல் இருப்பேன். ஒரு நிமிடம் கழித்து வாங்கிக்கொள்வாள். முதல் வாய் உள்ளே போய்விட்டால் மிச்சத்தைத் தானே தின்பாள். எதையுமே தின்னாத நாளில் அவள் தின்னக்கூடியது எதுவோ அதைக் கொடுத்தேன். பட்டினி கிடப்பதைவிட அது மேல்.

சிறுபீளை, நெருஞ்சி, வாழைத்தண்டு எல்லாம் நம் ஊரில் கல்லடைப்புக்குச் சொல்கிற மருந்து. ராசுவுக்குக் கல் இல்லை, சிறுநீரகம் சுருங்கிவிட்டது. அது வேறு நோய். வாழைத்தண்டில் பொட்டாசியம் ஏராளம், அவன் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்காமல் அதைக் கொடுப்பது ஆபத்து. பெரியவர் நல்ல மனதோடு சொல்கிறார், மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

ஆட்டுக்கொட்டகை டாக்டர் (நாமக்கல் பக்கம்)

நான் கால்நடை மருத்துவர். மேலே அம்மா சொன்னதில் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை. சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, அந்த 3.4 என்ற எண். நாய் வாந்தியெடுத்து, தண்ணீர் குறைந்து வற்றியிருந்த நேரத்தில் எடுத்த ரத்தம் அது. வற்றிய உடம்பில் கிரியேட்டினின் உண்மையைவிட ஏறித்தான் காட்டும். உலக அளவில் நாங்கள் பின்பற்றுகிற ஐரிஸ் என்ற சிறுநீரக நோய் அட்டவணைப்படி கிரியேட்டினின் 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்கு. ஆனால் நாய் தண்ணீர்ச் சத்தோடு, நிலையாக இருக்கும்போது, குறைந்தது இரண்டு முறை பார்த்த பிறகுதான் நிலையைச் சொல்ல வேண்டும். எனவே மீண்டும் ஒருமுறை பாருங்கள். சுருங்கிய சிறுநீரகம் என்பதால் இது நாள்பட்ட நோய் என்பதில் சந்தேகம் இல்லை. சிறுநீரகத்தின் திறனில் நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறவே தொடங்கும். அதனால்தான் முன்கூட்டியே தெரியவில்லை, உங்கள் கவனக்குறைவு அல்ல.

இன்னொரு எச்சரிக்கை. கிரியேட்டினின் சதையிலிருந்து வருவது. 23 கிலோ 19 ஆகியிருக்கிறது. இனியும் மெலிந்தால் எண் குறைந்துகொண்டே வரும், நோய் குறைகிறது என்று தப்பாக நினைத்துவிடுவோம். எடையையும் எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாதம் இருமுறை எடை எழுதிவையுங்கள், மண்டித் தராசே போதும்.

உங்கள் பதிவில் இல்லாத இரண்டு சோதனைகள்: சிறுநீரில் புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்ற விகிதம், ரத்த அழுத்தம். விகிதம் 0.5-க்கு மேல் இருந்தாலோ அழுத்தம் 160-ஐத் தாண்டினாலோ அதற்குத் தனி மருந்து உண்டு. அந்த மருந்தைக் கொடுத்தால் நாய்க்குக் கூடுதல் காலம் கிடைக்கும். இந்த நோயில் கண்ணில் திடீரென்று பார்வை போவது பெரும்பாலும் அழுத்தத்தால்தான். பாஸ்பரஸ் 7.1 அதிகம். மூன்றாம் நிலையில் 5.0-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். உணவை மாற்றி நாலு வாரம் கழித்துப் பாருங்கள். இறங்காவிட்டால் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்து தேவைப்படும். மனிதர்களுக்கு டயாலிசிஸில் தருகிற செவெலமர், கால்சியம் அசிடேட், நாய்களுக்கு வழக்கமாகத் தருகிற அலுமினியம் ஹைட்ராக்சைடு ஆகியவைதான். இவை சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் கொடுத்துப் பயனில்லை. மருந்துக்கடையில் நீங்களாகவே ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அதில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், இந்த நோய்க்கு அது கூடாது. மீன் எண்ணெய் நல்லது, ஆனால் மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், வைட்டமின் ஏ-யும் டி-யும் கூடிவிடும்.

காய்கறி மண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ராசு அங்கே உங்களோடு வருவானா? மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலிச் சிறுநீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரா கிருமி நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் அதிகம். உண்ணிக் காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும். இரண்டுக்கும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். லெப்டோ என்றால் சிறுநீர் வழியாக உங்கள் வீட்டாருக்கும் தொற்றும். முடிவு வரும்வரை கூடத்தைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

கடைசியாகப் புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கும் என்பது பல வருடமாகத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் நச்சியல் மருத்துவர்கள், அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நம் புளியில் அந்த அமிலம் நிறைய இருக்கிறது. குழம்புச் சோறு, ரசச் சோறு வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இது நோய் வந்த நாய்க்கு மட்டும் சொல்வதல்ல.

கிண்டி ரயில்வே கேட் (சென்னை)

ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். வலி மாத்திரை.

எங்கள் பழுப்பி ஆறு வயதில் மாடிப்படியில் விழுந்து நொண்டினாள். ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் கிடைக்கவில்லை என்று என் கணவருக்கு இருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதி கொடுத்தேன். நொண்டுவது குறைந்தது, சரியென்று நாலு நாள் தொடர்ந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் கறுப்பாக வாந்தி, சிறுநீரே வரவில்லை. வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நாய்களுக்கு டயாலிசிஸ் வசதியும் உண்டு, திடீரென்று முடங்கிய சிறுநீரகத்துக்கு அது உயிர் காக்கும். பழுப்பிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது தாமதமாகிவிட்டது.

அண்ணா, உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் அந்த மாத்திரை இருக்கும். ராசு கால் இழுத்து நடந்தாலும் அதைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு எதுவும் வேண்டாம். டப்பாவை அவன் வாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மண்டிக்கணக்கு (ஒட்டன்சத்திரம்)

மூவருக்கும் நன்றி. படித்துவிட்டு அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். ஈரல் விஷயத்தைக் கேட்டு அழுதுவிட்டார். "பிள்ளைக்கு நானே விஷத்தை ஊட்டினேனா" என்றார். நானும் தண்ணீர்ச் சட்டியைச் சொன்னேன். இருவரும் சேர்ந்து அன்று ராத்திரி மூன்று சட்டி வைத்தோம்.

டாக்டர் சார், நோய் வருவதற்கு முன்பு ராசு தினமும் காலையில் என்னோடு மண்டிக்கு வருவான். உருளைக்கிழங்குச் சாக்குமேல் படுத்திருப்பான். எலிக்குக் குறைவே இல்லை. லெப்டோ சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். குழம்புச் சோறுதான் இத்தனை வருடமும் வைத்தோம், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குமட்டலுக்கு மாத்திரை தந்தார்கள். இரண்டாம் நாளே சோறும் முட்டை வெள்ளையும் தின்றான். டிரிப்ஸ் பற்றிக் கேட்டேன், தோலுக்கடியில் ஒன்றுவிட்டு ஒருநாள் 200 மில்லி ஏற்றலாம், ஒருமுறை வந்து கற்றுக்கொள் என்றார். நாளை போகிறேன். ஊசி என்றாலே எனக்குக் கை உதறும். செவலையம்மா, நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

செவலையம்மா (மதுரை)

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் செவிலியாக இருந்தவள். அத்தனை வருடம் ஊசி போட்ட கை, செவலை முதுகில் போட்டபோது நடுங்கியது. இரண்டாம் வாரம் நடுக்கம் போய்விட்டது. உங்களுக்கும் போகும்.

ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவம்) பாட்டிலை ஏற்றுவதற்குக் கால் மணி முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவையுங்கள். சில்லென்று உள்ளே போனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்துவிடுவான். மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. நான் திண்ணையில் வைத்துத்தான் ஏற்றுவேன், ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு. டியூபில் காற்று இல்லாமல் முதலில் ஓடவிட்டு மூடிக்கொள்ளுங்கள். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே தோலை இடது கையால் தூக்கினால் கூடாரம் மாதிரி நிற்கும். அந்தக் கூடாரத்தின் வாசலில், முதுகுக்கு இணையாக ஊசியைச் செலுத்துங்கள். மெதுவாகக் குத்தினால்தான் வலி, சட்டென்று போட்டால் பெரிதாகத் தெரியாது. 18 நம்பர் ஊசி பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் சீக்கிரம் ஏறி முடியும். மெல்லிய ஊசி போட்டால் முக்கால் மணி நேரம் அவனைப் பிடித்துவைக்க வேண்டும். மறுபக்கம் ஈரம் கசிந்தால் ஊசி தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், எடுத்துவிட்டு வேறு ஊசியால் போடுங்கள்.

ஏறி முடித்ததும் முதுகில் திமில் மாதிரி மேடு நிற்கும். பயப்படாதீர்கள். கொஞ்ச நேரத்தில் முன்னங்காலுக்கு இறங்கி, ஒரு கால் பருத்துத் தெரியும். மறுநாள் காலைக்குள் வற்றிவிடும். வற்றாமல் அப்படியே நின்றாலோ, இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கு ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் கலந்த பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி.

அம்மாவை அவன் முகத்துக்கு நேராக உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். ஈரலுக்காக அழுதாரே, அவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். நெற்றியைத் தடவிக்கொடுத்தால் ராசு அசையாமல் இருப்பான்.

மண்டிக்கணக்கு (ஒட்டன்சத்திரம்)

ஆறு வாரம் ஆகிவிட்டது, எழுதத் தாமதம். மன்னிக்கவும், முருங்கை வரத்து அதிகம்.

லெப்டோ இல்லை. உண்ணிக் காய்ச்சலும் இல்லை. மறுபடி பார்த்ததில் கிரியேட்டினின் 2.9, பாஸ்பரஸ் 5.6. எடை 19 கிலோ 700 கிராம், மண்டித் தராசில். எடை ஏறியும் எண் இறங்கியிருப்பதால் இது நல்ல இறக்கம் என்றார் எங்கள் டாக்டர். பாஸ்பரஸுக்குச் செவெலமர் தொடங்கியிருக்கிறார். ரத்த அழுத்தம் 170 இருந்தது, அதற்கும் மாத்திரை. ஹீமோகுளோபின் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

காலை ஐந்தரைக்கு நான் ஊசி போடுகிறேன், அம்மா முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து அவனிடம் அன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். முதல் நாள் மட்டும் ஊசியை நழுவவிட்டுப் பாதித் தண்ணீர் தரையில் போனது. ரீனல் தீனியை இப்போது சோற்றில் கால் பங்கு கலந்தால் தின்கிறான். அதற்கு மேல் கலந்தால் கண்டுபிடித்துவிடுகிறான்.

போன திங்கள்கிழமை அவனாகவே வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றான். மூன்று மாதமாக வராதவன். கூட்டிப்போனேன், சாக்குமேல் விடவில்லை, என் மேசைக்கடியில் துணி விரித்துப் படுக்கவைத்தேன்.

ஒரு சந்தேகம். மூன்று நாளாகச் சோற்றில் பூசணியை மட்டும் நாக்கால் ஒதுக்கித் தட்டோரத்தில் வரிசையாக வைத்துவிடுகிறான். சுரைக்காய் போடலாமா?

செவலையம்மா (மதுரை)

போடலாம் தம்பி. பிஞ்சாகப் பாருங்கள், தோலும் விதையும் நீக்கி, குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை உங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாகத் தூக்கிப்போட்டுவிடுங்கள், கசப்புச் சுரைக்காய் மனிதருக்கே ஆகாது. பீர்க்கங்காயும் அவனுக்குப் பிடிக்கலாம்.